மன்னிப்புக் கேட்ட இன்ஸ்பெக்டரம்மா

போன மாதம், புதிதாகப் பணியில் சேர்ந்த பெண் காவலர்களுக்கு அரை மணி நேரம் பேசும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு 'தலைமைப் பண்பு'. நான் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, ஹெட் கான்ஸ்டபிளாகி, கடைசியில் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவள். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களைவிட எனக்கு மேலே இருந்தவர்கள்தான் எப்போதும் அதிகம். எனக்கு எதற்குத் தலைமையும் பண்பும் என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. போய் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், இப்பல்லாம் நாங்க வாயைத் திறக்கறதுக்குள்ள ஜனங்க செல்போனைத் தூக்கிடறாங்க. யாருக்கும் எங்க மேல பயம் இல்ல. பயமே இல்லன்னா நாங்க சொல்றதை அவங்க ஏன் கேக்கணும்?"

கேலிக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது நின்றுகொண்டு இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதற்குள் டீ வந்துவிட்டது, கூட்டம் கலைந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது இன்ஸ்பெக்டர் மரகதத்தைப் பற்றியது. அவர் இப்போது மாதவரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அதற்கு மேல் பதவி உயர்வு இல்லாமலே ஓய்வு பெற்றார். இதை நான் எழுதுவது தெரிந்தால், "உனக்கு வேற வேலை இல்லையா பிலோமினா?" என்றுதான் கேட்பார்.

நான் ராயபுரத்துப் பெண். அப்பா ரயில்வேயில் இருந்தார். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ஓட்டப் பந்தயத்துக்குப் போய் நின்றவள் நான். பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்டது விறைப்பாக நிற்பது, சத்தமாகப் பேசுவது, மேலதிகாரி முன்னால் யோசிக்காமல் இருப்பது. அதற்குப் பிறகு வடசென்னையில் மூன்று நான்கு ஸ்டேஷன்கள். எல்லா இடத்திலும் அதே பாடம்தான். திருவொற்றியூர் பக்கம் ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தபோதுதான் மரகதம் அம்மா எனக்கு இன்ஸ்பெக்டராக வாய்த்தார்.

ஆள் குள்ளம். வந்தவாசிப் பக்கம். குரல் உயராது. காலை ரோல்காலில் அவர் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் நாங்கள் மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டும். மற்ற இடங்களில் ரோல்கால் என்றால் திட்டு வாங்கும் நேரம். இவரிடம் வேறு மாதிரி. முதலில் யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார். அப்புறம் அன்றைக்கு எங்கெங்கே டியூட்டி என்று படிப்பார். எந்த இடம் மோசமானதோ, வெயில் நேராக விழுகிற மூலையோ, சாக்கடை வழிகிற முனையோ, அதற்கு நேராகத் தன் பெயரைப் படிப்பார். முதல் தடவை கேட்டபோது பெயர் மாறிப் போயிற்று என்று நினைத்தேன்.

மனு கொடுக்க வருகிறவர்கள் அவர் முன்னால் நிற்கக் கூடாது. நாற்காலி இல்லையென்றால் அவரும் எழுந்து நின்றுகொள்வார். நின்றபடியே முழுக் கதையும் கேட்பார். இதனாலேயே எங்கள் ஸ்டேஷனில் நாற்காலிகள் எப்படியோ கூடிக்கொண்டே போயின.

ஒன்றை மட்டும் பெண் போலீஸ்காரர்கள்தான் புரிந்துகொள்வார்கள். மாசித் திருவிழா, அரசியல் கூட்டம், மந்திரி வருகை என்று பந்தோபஸ்துக்கு நின்றால், காலையில் நின்றவள் சாயங்காலம்வரை ஒதுங்க இடம் கிடையாது. அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் நின்று எத்தனை பேர் உடம்பைக் கெடுத்துக்கொண்டோம். மரகதம் அம்மா பந்தோபஸ்துக்கு முந்தின நாள் தெருத் தெருவாக நடப்பார். ஒவ்வொரு முனையிலும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "நாளைக்கு எங்க பொண்ணு ஒருத்தி இங்க நிப்பா. உங்க பாத்ரூமை உபயோகிச்சுக்கலாமா?" என்று கேட்பார். இன்ஸ்பெக்டர் தானே வந்து கேட்கிறாரே என்று யாரும் மறுத்ததில்லை. மறுநாள் அந்த வீட்டுக்காரர்களே எங்களுக்கு மோரும் கொடுப்பார்கள். இதை யாரும் அவருக்கு உத்தரவு போட்டுச் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியது.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் கையை நீட்டிவிட்டார்.

மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில் ஒரு டீச்சரின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஒருவன் ஓடிவிட்டான். அந்த டீச்சர் கழுத்தில் ரத்தக் கீறலோடு நடுங்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நின்ற ஒரு பையனைக் காட்டி, "அதே நீலக் கட்டம் போட்ட சட்டை, இவன்தான்" என்றார். எங்கள் ஆட்கள் அவனைக் கொண்டுவந்தார்கள். பெயர் தேசிங்கு. வடக்கே ஒரு மீனவக் குப்பம். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும்.

அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் கேட்டார். மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மாவுக்கு ஐஸ் கொண்டுவந்தேன் என்றான். எஸ்.ஐ. கேட்டார், அதையே சொன்னான். இன்னொருவர் கேட்டார், அதையே சொன்னான். மரகதம் அம்மா உள்ளே வந்து மறுபடியும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். பையனுக்குப் பொறுமை போய்விட்டது.

"எத்தினி வாட்டி சொல்றது? உனக்கு இன்னா காது கேக்காதா?"

அறை விழுந்தது. மரகதம் அம்மாவின் கை அப்படிப் போகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண் மீன் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். பையனின் அம்மா அஞ்சலை. மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு வியாபாரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தவள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் கூடையை மெல்லக் கீழே வைத்தாள்.

"அவன் அப்பங்கூட அவன் மேல கை வெச்சதில்ல" என்றாள். அவ்வளவுதான்.

அன்று மாலை விசாரித்துவிட்டுப் பையனை அனுப்பிவிட்டோம். மறுநாள் மாதவரம் பஸ் நிலையத்தில் வேறொரு ஸ்டேஷன் ஆட்கள் ஒருவனைப் பிடித்தார்கள். சங்கிலி அவன் பையிலேயே இருந்தது. டீச்சர் வந்து தன் சங்கிலிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மாதிரி நேரத்தில் ஸ்டேஷனில் ஒரு வழக்கம் உண்டு. பையனைக் கூப்பிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "இனிமே போலீஸ்காரங்ககிட்ட மரியாதையா பேசக் கத்துக்க" என்று புத்தியும் சொல்லி அனுப்புவார்கள். அடி வாங்கினவன் நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். எஸ்.ஐ. அதைத்தான் யோசனையாகச் சொன்னார். மறுநாள் ரோல்காலில் டியூட்டியெல்லாம் படித்து முடித்தபின் மரகதம் அம்மா சொன்னார்.

"அந்தப் பையனை நான் கை நீட்டி அடிச்சேன். நீங்கல்லாம் பாத்தீங்க. அவன் திருடலைன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா திருடியிருந்தாலும் அடிச்சது தப்புதான். நான் அவங்க ஊருக்குப் போய் மன்னிப்புக் கேக்கப் போறேன். யாரையும் கூட வரச் சொல்லல."

கலைந்த பிறகு வயதான ஏட்டு ஒருவர் அவரிடம் போய், கேட்பதுதான் கேட்கிறீர்கள், மஃப்டியில் போய்விட்டு வாருங்கள், யூனிஃபார்மோடு வேண்டாம் என்று நயமாகச் சொன்னார்.

"யூனிஃபார்மோடதானே அடிச்சேன்?" என்றார் மரகதம் அம்மா.

நான் கூடப் போனேன். துணைக்கு ஒரு பெண்ணாவது வேண்டாமா என்று சொல்லிக்கொண்டு போனேன். உண்மையில், என்ன ஆகுமோ என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போகாத நாள் என்பதால் ஊரே வெளியில் இருந்தது. ஆண்கள் அம்மன் கோவில் முன்னால் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு மணலில் நடந்தோம். காக்கி உடுப்பைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோயிற்று. ஊர்ப் பெரியவர், அவரை நாட்டார் என்பார்கள், எழுந்துவந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போடச் சொன்னார். மரகதம் அம்மா உட்காரவில்லை. கூட்டம் சேரும்வரை நின்றார். எப்போதும் போலச் சின்னக் குரலில்தான் பேசினார். பின்னால் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"உங்க ஊர்ப் பையன் தேசிங்கை எங்க ஸ்டேஷன்ல அவங்க அம்மா முன்னாடி நான் அடிச்சேன். அவன் எந்தத் தப்பும் செய்யல. தப்பு என்னோடது. மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

அடுத்ததாக ஓர் 'ஆனால்' வரும் என்று நான் காத்திருந்தேன். அவன் மரியாதை இல்லாமல் பேசினான், எனக்கு அன்றைக்கு வேலை நெருக்கடி, டீச்சர்தான் அடையாளம் காட்டினார் என்று ஏதாவது வரும். வரவில்லை. பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

முதலில் பேசியது அஞ்சலைதான். "என்கிட்டயும் ஊர்கிட்டயும் இன்னாத்துக்கு சொல்ற? வாங்கினவன் அங்க கீறான் பாரு. அவன்கிட்ட போய் சொல்லு."

தேசிங்கு சற்றுத் தள்ளி, படகு ஓரமாக ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான். எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தான். மரகதம் அம்மா அவன் எதிரில் போய் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவன் முகத்தைப் பார்த்து அதையே மறுபடி சொன்னார். அவன் கை நின்றது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"போலீசு அடிக்கிறது எங்களுக்குப் புதுசு இல்ல மேடம். இப்டி வந்து மன்னிப்பு கேட்டா இன்னா பண்றதுன்னுதான் தெர்ல. பேஜாரா கீது."

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அஞ்சலைகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாட்டார் மறுபடி நாற்காலியைக் காட்டினார். மரகதம் அம்மா இந்தத் தடவை உட்கார்ந்தார். எங்களுக்கு டீ வந்தது.

யாரோ இதைச் செல்போனில் எடுத்துவிட்டார்கள். நாங்கள் ஸ்டேஷன் வந்து சேர்வதற்குள் அது எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. எஸ்.ஐ. முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி ரோந்து போனால் குப்பத்துப் பையன்கள் எங்களையும் மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள் என்று ஒருவர் முணுமுணுத்தார். எனக்கும் பாதி மனம் அப்படித்தான் சொன்னது. இந்த அம்மா தன் மனசுக்கு நிம்மதி தேடிக்கொண்டார், எங்கள் பிழைப்பு கஷ்டமாகப் போகிறது என்று நினைத்தேன்.

உதவி கமிஷனர், அதாவது ஏ.சி., அவரை வரவழைத்தார். உள்ளே நடந்ததை ரொம்ப நாள் கழித்துத்தான் மரகதம் அம்மா என்னிடம் சொன்னார். யூனிஃபார்முக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று ஏ.சி. கேட்டாராம். "அதுக்காகத்தான் சார் போனேன்" என்றாராம் இவர். கொஞ்ச நாளில் கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தண்டனை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. போன் அடித்தால் எடுக்கிற வேலை. போகும்போது நாற்காலிகளை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அதுவரை அந்தக் குப்பத்து ஜனங்கள் நாங்கள் இழுத்து வந்தால்தான் ஸ்டேஷனுக்கு வருவார்கள். இப்போது அவர்களாக வந்தார்கள். அஞ்சலை ஒரு தடவை புருஷனிடம் அடிபட்ட ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "அந்த அம்மா இல்லியா?" என்று கேட்டாள். மாற்றலாகிப் போய்விட்டார் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ அன்னிக்கு கூட வந்தவதானே? சரி, நீ எழுதிக்க" என்றாள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில்தான் படகு காணாமல் போனது. மூன்று பேர் போன ஃபைபர் படகு. மற்ற படகுகள் கடல் கொந்தளிப்பைப் பார்த்துத் திரும்பிவிட்டன, அது மட்டும் வரவில்லை. மூவரில் ஒருவன் கன்னியப்பன், அஞ்சலையின் தம்பி. அவள் தூக்கி வளர்த்தவன்.

தேடுவதற்கு ஹெலிகாப்டர் அனுப்ப வேண்டும் என்று காலையில் பெண்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று, மத்தியானத்துக்குள் வரிசையின் முனை கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் ஓர் ஆம்புலன்ஸ் வேறு மாட்டிக்கொண்டு, ஓரமாகத் தள்ளித் தள்ளி வெளியே விட்டோம். அதைவிடப் பெரிய கவலை கடற்கரையில் இருந்தது. தேசிங்கும் இன்னும் சில பையன்களும் நாங்களே போய்த் தேடுகிறோம் என்று இரண்டு படகுகளைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அலை ஆள் உயரத்துக்கு எழுந்து விழுந்துகொண்டிருந்தது. போனால் அவர்களையும் சேர்த்துத் தேட வேண்டியதுதான்.

துணை கமிஷனர் டி.சி. வந்தார், தாசில்தார் வந்தார், பேசினார்கள். பெண்கள் அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அஞ்சலை சொன்னாள்: "அந்த மரகதம்மாவ கூப்டுங்க. அவங்க வந்து சொல்லட்டும்."

டி.சி. என்னைப் பார்த்தார். யார் என்று சொன்னேன். போன் போயிற்று. மரகதம் அம்மாவின் ஜீப் லாரி வரிசையைத் தாண்ட முடியாமல் நின்றுவிட, அவர் இறங்கி டிரெய்லர்களுக்கு நடுவே மழையில் நடந்து வந்தார். டி.சி. அவரைத் தனியாக ஒரு லாரியின் மறைவுக்கு அழைத்துப் போனார். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ஹெலிகாப்டர் கிளம்பிடுச்சுன்னு சொல்லுங்க. எழுந்துடுவாங்க" என்றார் டி.சி.

"கிளம்பிடுச்சா சார்?"

"கிளம்பிடும்."

"கிளம்பினதும் சொல்லிடறேன் சார்."

டி.சி. கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து நனைந்துகொண்டு நின்றவர். அலுப்போடு சொன்னார்: "இப்ப ரோடு கிளியராகணும் மேடம். அந்தப் பசங்களை நிறுத்தணும். நீங்க சொன்னா நம்புவாங்க."

"அதனாலதான் சார் சொல்ல மாட்டேன்."

ஏற்கெனவே கன்ட்ரோல் ரூமில் இருப்பவரை இனி எங்கே தூக்கிப் போடுவார்களோ என்று நினைத்தேன். டி.சி. போனை எடுத்து, ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசினார். திரும்பி வந்து உள்ளதைச் சொன்னார். இந்தக் காற்றில் ஹெலிகாப்டர் எடுக்க முடியாது. விடிந்த பிறகு வானிலையைப் பார்த்துத்தான். ஆனால் கடலோரக் காவல்படைக் கப்பல் ஒன்று கிளம்பிவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறது.

மரகதம் அம்மா போய் ரோட்டில் பெண்களுக்கு நடுவே ஈரத்தில் உட்கார்ந்தார். செய்தி கேட்டு, படகைப் பிடித்தபடி நின்ற பையன்களும் மேலே வந்தார்கள். டி.சி.யிடம் கேட்டதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஹெலிகாப்டர் இன்றைக்கு வராது என்றதும் பெண்களிடமிருந்து ஓர் ஓலம் எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார். "கப்பல் போயிருக்கு, அது நிஜம். நீங்க படகை எடுக்காதீங்கப்பா. உங்களை இழுத்துப் பிடிக்க என்கிட்ட ஆள் இல்ல. கேட்டுக்கத்தான் முடியும்" என்றார்.

பையன்களில் ஒருவன், போலீஸ் சொல்வதை எப்படி நம்புவது, ரோடு காலியாவதற்காகச் சொல்கிறார்கள் என்றான். தேசிங்கு அவன் தோளைப் பிடித்தான்.

"டேய், பொய் சொல்றதா இருந்தா ஹெலிகாப்டர் வந்துகினு கீதுன்னு சொல்லியிருப்பாங்க. தன் தப்பையே நம்ம ஊர் நடுவுல வந்து சொன்னவங்க. இத மாத்தியா சொல்லப் போறாங்க? வா, படக மேல ஏத்து."

படகுகள் மேலே ஏறின. அஞ்சலை எழுந்தாள், அவள் பின்னால் மற்றவர்கள் எழுந்தார்கள். முதல் லாரி நகர்ந்தது. யாரும் தடியைத் தூக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. டி.சி. என் பக்கத்தில் வந்து, "இவங்களை ஏன் கன்ட்ரோல் ரூம்ல வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். தெரியாது சார் என்றேன்.

மறுநாள் கப்பல் இரண்டு பேரை உயிரோடு கொண்டுவந்தது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்திருந்தார்கள். கன்னியப்பன் வரவில்லை. அலை அவனை இழுத்துப் போனதைத் தங்கள் கண்ணால் பார்த்ததாக ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு பேரும் எங்களிடம் சொன்னார்கள். அஞ்சலையிடம் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. ஊரிலும் யாருக்கும் வரவில்லை. அதற்குள் நெல்லூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கடலில் கிடைத்த ஓர் ஆள் இருக்கிறான் என்று செல்போனுக்குச் செல்போன் ஒரு செய்தி ஓடியது. அஞ்சலை அதைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிடவில்லை, அழவில்லை. போனை மடியில் வைத்தபடி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், ஆமாம், அவனாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மரகதம் அம்மா டியூட்டி முடித்து வந்தார். நானும் போயிருந்தேன். அவர் அஞ்சலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நெல்லூர்ல ஒரு ஆள் கீறானாமே. நம்ம கன்னியப்பனா அது?" என்று கேட்டாள் அஞ்சலை.

சுற்றி நின்றவர்கள் மரகதம் அம்மாவைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று நாட்டாரே கண்ணால் கெஞ்சினார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இன்னும் ஒரு நாள் அவள் நம்பிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

"இல்ல அஞ்சலை" என்றார் மரகதம் அம்மா. "அந்த ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணிக் கேட்டேன். அது வேற ஆளு. கன்னியப்பனை அலை இழுத்துக்கிட்டுப் போனதை அவங்க ரெண்டு பேரும் பாத்திருக்காங்க. அவன் இனிமே வரமாட்டான்."

அஞ்சலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

அஞ்சலை போனைத் தரையில் வைத்தாள். மரகதம் அம்மாவின் காக்கிச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தத் தோளில் முகத்தைப் புதைத்து, தம்பி பெயரைச் சொல்லி அழத் தொடங்கினாள். அதுவரை அடக்கி வைத்திருந்த ஊரும் சேர்ந்து அழுதது.